சீன வரலாற்றுக் காதல் தொடர்களின் தெளிவற்ற முடிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னறிவிப்பு: இங்கே பேசப்படும் தொடர்களின் கடைசிக் காட்சிகள் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுகின்றன. ஏதேனும் ஒரு தொடரை இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் அதன் பெயர் வரும் பதிலை மட்டும் தாண்டிச் செல்லலாம்.

எந்த முடிவைத் தெளிவற்ற முடிவு என்று சொல்ல வேண்டும்?

நாயகனும் நாயகியும் சேரவில்லை என்பதாலோ பார்த்து முடித்ததும் அழுகை வந்தது என்பதாலோ ஒரு முடிவு தெளிவற்றதாகிவிடாது. 2019-இல் வந்த "குட்பை மை பிரின்சஸ்" தொடரில் நாயகி ஷியாவ்ஃபெங் போர்க்களத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். அது சோக முடிவு, அதில் ஐயத்துக்கு இடமில்லை. சீன ரசிகர்கள் முடிவுகளை எச்.ஈ., பி.ஈ., ஓ.ஈ. என்ற சுருக்கெழுத்துகளால் மகிழ்ச்சி, சோகம், திறந்த முடிவு என்று பிரிப்பார்கள். இவற்றில் மூன்றாவதுதான் இந்தப் பக்கத்தின் பொருள்.

திறந்த முடிவுகளும் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றில் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரிவதில்லை. சிலவற்றில் நாம் பார்த்த சந்திப்பு உண்மையில் நடந்ததா, சாகும் தறுவாயில் ஒருவர் மனத்தில் ஓடியதா என்ற ஐயம் எழுகிறது. இன்னும் சிலவற்றில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், ஆனால் ஒருவர் மற்றவரை அறிவாரா என்பது விளங்குவதில்லை. எந்த வகை ஐயம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளாமல் விவாதத்தில் இறங்கினால், ஒருவர் உயிரைப் பற்றிப் பேச, மற்றொருவர் நினைவைப் பற்றிப் பேச, வாதம் எந்தக் கரையும் சேராது.

சீனத் தொடர்களில் இத்தகைய முடிவுகள் ஏன் இவ்வளவு அதிகம்?

காரணங்களில் பாதி பழையவை, பாதி மிகப் புதியவை.

பழைய காரணம் கதைமரபு. சீனக் காதல் கதைகளில் மரணம் பல சமயம் கடைசிச் சொல்லாக இருப்பதில்லை. லியாங் ஷான்போ, ஜு யிங்தாய் கதையில் காதலனின் கல்லறை பிளக்க, காதலி உள்ளே பாய, இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் வெளியே பறக்கின்றன. அவர்கள் இறந்தார்களா, சேர்ந்தார்களா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். 1791-இல் 120 அத்தியாயங்களோடு முதன்முதலில் அச்சான "செம்மாடக் கனவு" நாவலின் கடைசி அத்தியாயத்தில் இன்னும் நுட்பமான காட்சி ஒன்று உண்டு. தந்தை ஜியா ஜெங் படகில் ஊர் திரும்பும்போது பனி பெய்துகொண்டிருக்கிறது; மழித்த தலையோடும் வெறுங்காலோடும் சிவப்புப் போர்வை போர்த்திய ஒருவன் படகின் முன் நின்று நான்கு முறை வணங்குகிறான். அவன் தன் மகன் பாவ்யூ என்று தெரிந்து தந்தை கேள்வி கேட்கிறார்; மகன் வாய் திறக்கவில்லை, அவன் முகம் மகிழ்வது போலவும் இருக்கிறது, வருந்துவது போலவும் இருக்கிறது. அதற்குள் ஒரு புத்தத் துறவியும் ஒரு தாவோ துறவியும் வந்து அவனை அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். இன்றைய தொடர்களில் பனிக்காட்சியில் பேசாமல் நிற்கும் நாயகர்கள் பலர் இந்தப் பாவ்யூவின் வழித்தோன்றல்களே.

புதிய காரணங்கள் தொழில் சார்ந்தவை. தொடராக எடுக்கப்படாமல் விட்ட நாவலின் மறுபாதி, இரண்டாம் பருவத்துக்கான ஆசை, தணிக்கை, எபிசோடுகளின் எண்ணிக்கைக்கு வந்த கட்டுப்பாடு ஆகிய எல்லாம் கடைசிக் காட்சியைப் பாதிக்கின்றன. 2020 பிப்ரவரியில் சீனத் தேசிய வானொலி தொலைக்காட்சி நிர்வாகம், ஒரு தொடர் 40 எபிசோடுகளைத் தாண்டக் கூடாது, 30-க்குள் முடிப்பதே விரும்பத்தக்கது என்று அறிவுறுத்தியது. அதன்பின் வந்த சில தொடர்களில் கடைசி இரண்டு எபிசோடுகள் ஓட்டமாய் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அவசரத்தில் விட்டுப்போன முடிச்சையும் வேண்டுமென்றே அவிழ்க்காமல் விட்ட முடிச்சையும் ஒரே தட்டில் வைத்து "கலை" என்று போற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு முடிவை விளக்க முற்படும்போது எங்கிருந்து தொடங்குவது?

அந்தத் தொடர் தனக்கென்று வகுத்துக்கொண்ட விதிகளிலிருந்து தொடங்க வேண்டும். இந்த உலகில் மறுபிறப்பு உண்டா? மந்திரத்தால் உயிர் மீளுமா? மருந்துக்கும் நஞ்சுக்கும் என்ன கால அளவு சொல்லப்பட்டது? இவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் தொடரின் நடுப்பகுதியில், நாம் அவ்வளவாகக் கவனிக்காத ஓர் உரையாடலில் இருக்கும்.

2015-இல் 54 எபிசோடுகளாக வந்த "நிர்வானா இன் ஃபயர்" இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது முதன்மையாக அரசியல் கதை. காதல் அதில் ஓர் இழை மட்டுமே. நாயகன் மெய் சாங்சு, உண்மையில் லின் ஷு, போருக்குப் புறப்படுகிறான். அவனுடைய மரணம் திரையில் காட்டப்படுவதில்லை. அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இளவரசி நீஹுவாங்கின் கைக்கு ஒரு கடிதம் மட்டும் வந்து சேர்கிறது. உடலைக் காட்டாததால் அவன் எங்கேனும் உயிரோடு இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் போருக்குப் போகும் முன் அவன் உட்கொண்ட மருந்து மூன்று மாத உடல்வலிமையைத் தந்து, அதன்பின் உயிரைக் கொண்டுபோய்விடும் என்று தொடரே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடிதத்திலும் இந்தப் பிறவியில் தந்த வாக்கை அடுத்த பிறவியில் நிறைவேற்றுவதாகவே அவன் எழுதுகிறான். போருக்குப் பின் புதிதாக எழுப்பப்படும் படைக்கு அவனுடைய குடிப்பெயரான லின் என்பதைச் சேர்த்து சாங்லின் படை என்று பெயரிடுகிறார்கள். உயிரோடு இருப்பவருக்கு யாரும் இப்படி நினைவுச்சின்னம் எழுப்புவதில்லை. ஆகவே இது தெளிவற்ற முடிவு போலத் தோன்றும் தெளிவான முடிவு. மரணத்தைக் காட்டாமல் விட்டது மரியாதைக்காக என்றுதான் கொள்ள வேண்டும்.

"ஸ்கார்லெட் ஹார்ட்" தொடரின் கடைசிக் காட்சியில் அந்த மனிதர் அவளை அடையாளம் கண்டுகொண்டாரா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2011-இல் 35 எபிசோடுகளாக ஒளிபரப்பான இத்தொடர், தோங் ஹுவா எழுதிய நாவலைத் தழுவியது. இக்காலத்துப் பெண் ஜாங் ஷியாவ் ஒரு விபத்துக்குப் பின் சிங் வம்சத்துக் காங்ஷி பேரரசர் காலத்தில், ருவோஷி என்ற பெண்ணின் உடலில் கண்விழிக்கிறாள். அரியணைக்குப் போட்டியிடும் இளவரசர்களிடையே சிக்கி, பின்னாளில் யோங்ஷெங் பேரரசராகும் நான்காம் இளவரசரைக் காதலிக்கிறாள், அவரைப் பிரிகிறாள், இறக்கிறாள். பின்பு இக்காலத்து மருத்துவமனையில் மீண்டும் கண்விழிக்கிறாள். ஓர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியம் ஒன்றில் இளவரசர்களிடையே தன் உருவத்தையே பார்க்கிறாள். திரும்பினால் பேரரசரின் முகச்சாயலில் ஒருவர் நிற்கிறார். அவள் கண் கலங்கிப் பார்க்க, அவரும் பார்க்கிறார், பிறகு போய்விடுகிறார்.

இங்கே இரண்டு ஐயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முதலாவது, எல்லாம் மயக்கத்தில் கண்ட கனவா என்பது. அதற்கு ஓவியம் விடை சொல்லிவிடுகிறது. அவள் அங்கே இருந்ததற்கான சான்றாகத்தான் அது சுவரில் தொங்குகிறது. இரண்டாவது, அந்த மனிதர் யோங்ஷெங்கின் மறுபிறப்பா என்பது. இதற்கு ஆதரவாகத் தொடரில் இருப்பது ஒரே நடிகரின் முகம் மட்டும். காலம் கடந்து ஓர் உயிர் போக முடியும் என்று கதை நிறுவியிருக்கிறதே தவிர, இறந்தவர் மீண்டும் பிறந்து வருவார் என்று எங்கும் நிறுவவில்லை. அந்த முகம் பார்வையாளருக்கு அளிக்கப்பட்ட ஆறுதல் என்றும், அதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்றும் நான் கருதுகிறேன்.

அவர் அவளை அறியாமல் போவதில்தான் இக்கதையின் பொருத்தம் இருக்கிறது. சாவதற்கு முன் ருவோஷி பேரரசருக்கு எழுதிய கடிதத்துக்கு என்ன நேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். அவள் அவருடைய எழுத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதிப் பழகியவள் என்பதால் அவள் கையெழுத்தும் அவருடையதைப் போலவே இருக்கிறது. அது பிறர் கண்ணில் பட்டால் வம்பாகும் என்று அஞ்சிய பதினான்காம் இளவரசர், கடிதத்தைத் தம் கையெழுத்திட்ட மற்றோர் உறைக்குள் வைத்து அனுப்புகிறார். தம்பியின் வசைக்கடிதம் என்று எண்ணிய பேரரசர் அதைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார். அவர் உண்மையை அறியும்போது அவள் இல்லை. சொல்ல வேண்டியது சேர வேண்டிய இடத்தில் சேராமல் போவதே இவர்களுடைய விதி. அருங்காட்சியகத்தில் அதே விதி இன்னொரு முறை நடக்கிறது: அவளுக்கு எல்லாம் தெரியும், எதிரே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அவர் அடையாளம் கண்டுகொண்டிருந்தால் அந்தப் பிரிக்கப்படாத கடிதத்தின் வலி பாதியாகியிருக்கும்.

2014-இல் அதே நாயகன் நாயகியோடு இக்காலக் கதையாக ஒரு தொடர்ச்சி வந்தது உண்மை. முதல் தொடரின் வரவேற்பை வைத்து எடுத்ததை, முதல் தொடரின் கடைசிப் பார்வைக்கு உரையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதன் கொரிய வடிவத்தில் அந்த மனிதரே வருவதில்லையே?

ஆம். 2016-இல் கோரியோ அரச காலத்துக்கு மாற்றி எடுக்கப்பட்ட கொரியத் தொடரில் நாயகி கண்காட்சியில் ஓவியங்களைப் பார்த்து அழுவதோடு கதை நிற்கிறது. இருவரும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றால் உன்னைத் தேடி வருவேன் என்று அரசர் சொல்லும் வாக்கு மட்டும் தொங்கலில் விடப்படுகிறது. சீன முடிவில் சந்திப்பு உண்டு, அறிதல் இல்லை. கொரிய முடிவில் வாக்கு உண்டு, சந்திப்பு இல்லை. ஒன்றைக் கொண்டு மற்றதற்கு விளக்கம் சொல்வது பிழையாகும்.

"எம்பிரஸஸ் இன் தி பேலஸ்" முடிவில் ஜென் ஹுவான் இறந்துவிடுகிறாளா?

இல்லை. 76-ஆம் எபிசோடின் இறுதியில், பேரரசரின் அன்னை என்ற உயர்நிலையை அடைந்த நாயகி ஜென் ஹுவான், களைத்துப் படுத்துக் கண்களை மூட, பழைய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. கண்மூடலை உயிர்மூடலாக எடுத்துக்கொள்ளத் தூண்டும் காட்சிதான். ஆனால் இந்தத் தொடர் தன் கதையை யோங்ஷெங் காலத்தில் வைத்திருப்பதால் வரலாற்றிடமும் கேட்கலாம். யோங்ஷெங் 1735-இல் இறந்தார். அடுத்து வந்த சியான்லோங் பேரரசரின் அன்னையாக இருந்தவர் 1777 வரை வாழ்ந்தார். இத்தொடரின் மூல நாவலை எழுதியவரே எழுதிய தொடர்ச்சிக் கதையான ருயீயின் கதையிலும், 2018-இல் வந்த அதன் தொடர் வடிவத்திலும் பேரரசரின் அன்னை உயிரோடு அரண்மனையை ஆட்டிப்படைக்கிறார். அந்தக் கண்மூடல் காட்டுவது, வென்றவளுக்குத் தூங்குவதைத் தவிர வேறு இன்பம் மிச்சமில்லை என்பதை. அது சாவைக் காட்டிலும் கொடுமையான முடிவு.

"பிரின்சஸ் ஏஜென்ட்ஸ்" முடிவில் யூவென் யுவே மூழ்கி இறந்தாரா?

2017-இல் வந்த இத்தொடரைப் பார்த்தவர்களின் கோபம் நியாயமானது. உறைந்த ஏரியில் விழுந்த நாயகன் யூவென் யுவே, நாயகி சூ சியாவை மேலே தள்ளிவிட்டுத் தாம் ஆழத்துக்குப் போகிறார். தண்ணீருக்குள் அவள் கண் திறக்கிறாள், தொடர் முடிந்துவிடுகிறது. இது திறந்த முடிவு என்பதைவிட நடுவில் நிறுத்திய கதை என்பதே சரி. மூல நாவலில் இந்த ஏரிக்காட்சிக்குப் பின்னும் கதை நீள்கிறது: இறந்ததாகக் கருதப்பட்ட நாயகன் சிங்ஹாய் பகுதியின் தலைவனாகத் திரும்பி வருகிறான், இருவரும் சேர்கிறார்கள். தொடர் அந்தப் பாதியை எடுக்கவே இல்லை. அதே நடிகர்களோடு இரண்டாம் பருவமும் வரவில்லை.

இங்கே நுட்பமான விளக்கங்களைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்வது வீண்வேலை. கதையளவில் அவர் உயிரோடு இருக்கிறார் என்று கொள்ளலாம், நாவல் அதற்கு இடம் தருகிறது. தொடரளவில் விடையே இல்லை.

அப்படியானால் மூல நாவலையே இறுதிச் சான்றாகக் கொள்ளலாமா?

எப்போதும் கொள்ள முடியாது. மேலே சொன்ன தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாவலின் நாயகி இக்காலத்து உளவுப்பிரிவைச் சேர்ந்தவள், அவளுடைய உயிர் ஓர் அடிமைச் சிறுமியின் உடலில் புகுகிறது, தொடர் அந்த அடித்தளத்தையே அகற்றிவிட்டது. கதையின் அடித்தளத்தை மாற்றியவர்கள் முடிவை மட்டும் மாற்றாமல் விடுவார்கள் என்பதற்கு உறுதி ஏது? தொடர் நாவலை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றியது என்று முதலில் பார்க்க வேண்டும். கதை பாதியில் அறுந்த இடத்தில் நாவல் உதவும். தொடர் தானாகத் தேர்ந்து அமைத்த முடிவை மறுக்க நாவல் உதவாது.

"தி அன்டேம்ட்", "வேர்ட் ஆஃப் ஹானர்" போன்றவற்றின் முடிவுகளை எப்படிப் படிப்பது?

இவை இரண்டும் ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் நாவல்களைத் தழுவியவை. அந்தக் காதலை வெளிப்படையாகக் காட்டத் தணிக்கை இடம் தராததால், இவற்றில் முடிவு மட்டுமல்லாமல் உறவே தெளிவற்றதாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே அளவுகோல் மாறுகிறது. காட்டப்படாதது இல்லை என்று பொருளாகாது. எது காட்டப்பட அனுமதி இல்லையோ அதன் தடயம் எங்கே விடப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2019-இல் 50 எபிசோடுகளாக வந்த "தி அன்டேம்ட்" முடிவில் நாயகர்களான லான் வாங்ஜியும் வெய் வூஷியானும் மலைப்பாதையில் பிரிகிறார்கள். பிறகு வெய் வூஷியான் ஒரு குன்றின் மேல் நின்று குழல் ஊதுகிறான். பின்னாலிருந்து அவன் பெயரைச் சொல்லி யாரோ அழைக்கிறார்கள். அவன் திரும்பிச் சிரிக்கிறான். அழைத்தவரின் முகமோ இடையில் எவ்வளவு காலம் கடந்தது என்பதோ நமக்குத் தரப்படவில்லை. ஆனால் அவன் ஊதும் மெட்டு லான் வாங்ஜி அவனுக்காக அமைத்தது. முன்பு குகையில் அதன் பெயரை அவன் கேட்டபோது லான் வாங்ஜியின் உதடுகள் அசைந்தன, ஒலி மட்டும் நம் காதில் விழவில்லை. நாவலில் அந்தப் பெயர் இருவர் பெயர்களிலிருந்தும் ஓரெழுத்து எடுத்துக் கோத்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கடைசிக் காட்சியில் ஐயம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை என்பதே என் முடிவு.

2021-இல் வந்த "வேர்ட் ஆஃப் ஹானர்" வேறு உத்தியைக் கையாண்டது. 36-ஆம் எபிசோடில் நாயகர்களில் ஒருவனான ஷௌ ஸிஷுவின் உயிரைக் காக்க மற்றொருவனான வென் கேஷிங் தன்னையே கொடுத்து, தலை நரைத்துச் சாய்கிறான். பார்ப்பவர்கள் மரணம் என்றே நினைப்பார்கள். அதன்பின் தனியாக வெளியான சிறு காட்சியில் இருவரும் பனிமலையில் உயிரோடு இருக்கிறார்கள். எபிசோடோடு நிறுத்தியவர்களுக்கு ஒரு முடிவும், கூடுதல் காட்சியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு வேறு முடிவும் கிடைத்தன. படைத்தவர்களே வெளியிட்டது என்பதால் அந்தக் கூடுதல் காட்சியைக் கதையின் பகுதியாகவே ஏற்க வேண்டும்.

பனி, நரைத்த முடி, பாலம், சூப் ஆகியவற்றுக்கு நிலையான பொருள் உண்டா?

ஓரளவு உண்டு. பாதாள உலகின் பாலத்தருகே மெங் போ என்ற மூதாட்டி தரும் சூப்பைக் குடித்தால் முற்பிறவி நினைவு அழியும் என்பது மக்கள் நம்பிக்கை. தொடரில் ஒருவர் அதைக் குடிக்க மறுத்தால் நினைவோடு திரும்புவார் என்று எதிர்பார்க்கலாம். காதலர் தலையில் பனி விழுவது, சேர்ந்து நரைக்க முடியாமல் போனவர்கள் ஒரு கணமேனும் சேர்ந்து நரைத்ததற்கு ஈடு. அந்தக் காட்சி வந்தால் முதுமைவரை வாழ்ந்தார்கள் என்று மகிழ்வதற்கு முன் சற்றுப் பொறுப்பது நல்லது. பல சமயம் அது எதிர்மாறான செய்தியையே சொல்கிறது.

மறுபிறவியில் சேர்ந்துவிட்டால் அது மகிழ்ச்சி முடிவுதானே?

2021-இல் வந்த "ஒன் அண்ட் ஒன்லி" இந்தக் கேள்விக்குரியது. தளபதி ஜோஷெங் சென் எலும்பை உருவும் கொடுந்தண்டனையில் இறக்கிறார். சுய் ஷியீ மதில் மேலிருந்து குதித்து உயிர் விடுகிறாள். உடனே அடுத்து, அதே இரு நடிகர்களோடு இக்காலக் கதையாக "ஃபாரெவர் அண்ட் எவர்" வெளியாகி, அங்கே அவர்கள் மணந்து வாழ்கிறார்கள். மூலமும் ஒரே நாவல்தான். எனவே இங்கே மறுபிறவி ரசிகர் கற்பனையாகாது. கதையின் திட்டத்திலேயே இருக்கிறது.

இருந்தாலும் கேள்வி முழுவதும் தீரவில்லை. பழைய பிறவியில் அவர்கள் ஒருவர் கையை ஒருவர் உரிமையோடு பற்றியதுகூட இல்லை. அவருக்கு அரச குடும்பத்தின் முன் மணம் செய்வதில்லை என்று செய்த சூள் இருந்தது, அவளுக்குப் பிறக்குமுன்பே குறித்த திருமணம் இருந்தது. புதிய பிறவியில் கிடைக்கும் இன்பத்தால் அந்த இருவருக்கு ஈடு கிடைத்ததா, அல்லது அதே பெயர் கொண்ட வேறு இருவருக்குக் கிடைத்ததா? முற்பிறவியின் நினைவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். பழைய கதை சோகமாகவே முடிந்தது, புதிய கதை மகிழ்ச்சியாக முடிந்தது, இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்றே நான் கொள்கிறேன்.

முடிவை முன்னரே தெரிந்துகொண்டு பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். சுபம் போட்டு முடிந்தால்தான் மனம் ஆறும் என்பவர்கள், ஐம்பது அறுபது எபிசோடுகளில் இறங்கும் முன் அது எந்த வகை முடிவு என்று விசாரித்துக்கொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை. விசாரிக்கும்போது இரண்டு செய்திகளையும் சேர்த்துக் கேளுங்கள்: கடைசி எபிசோடின் எழுத்துகள் ஓடி முடிந்தபின் ஏதேனும் காட்சி வருகிறதா, தனியாக வெளியிட்ட கூடுதல் காட்சி உண்டா. இரட்டைத் தொடர் என்றால் வெளியான வரிசையிலேயே பார்ப்பது நல்லது. "ஒன் அண்ட் ஒன்லி"யின் 24 எபிசோடுகளையும் பார்க்காமல் இக்காலக் கதைக்குத் தாவியவர்கள், அங்கே நாயகி ஏன் அவ்வளவு பொறுமையாக இருக்கிறாள் என்று அலுத்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுகிறார்கள்.